ஆமைக்குஞ்சு ஏன் சாப்பிடவில்லை?

கடந்த நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் சாச்சா தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஓர் ஆமைக்குஞ்சைக் கொண்டுவந்தார். சிலாவத்துறைப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய காணியைத் துப்புரவு செய்யப் போனவர் அவர். வெட்டிப்போட்ட பற்றையின் அடியில் கிடந்ததாம். ஏழு வயதுத் தம்பிக்குக் காட்டுவோமென்று எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நாங்கள் இருப்பது புத்தளத்தில். ஒன்பதாம் நாள் அது எங்கள் வீட்டைவிட்டுப் போனது. அந்த ஒன்பது நாட்களில் நான் செய்த பிழைகளையும், அவற்றிலிருந்து கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். உலர் வலயத்தில் வாழும் எங்களில் யாருடைய வீட்டுக்கும் நாளைக்கு இப்படியொரு விருந்தாளி வரக்கூடும்.

குஞ்சின் நீளம் 4 சென்ரிமீற்றர் இருக்கும். மஞ்சள் நிற ஓட்டில் கறுப்புத் திட்டுகள். நட்சத்திர ஆமை என்று சாச்சா சொன்னதும் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நட்சத்திரம் எங்க ராத்தா?” என்று கேட்டான். குஞ்சில் அது சரியாகத் தெரியாது. ஓட்டின் முதுகில் உள்ள 13 பெரிய கட்டங்களும் ஓரங்களில் வளர வளரத்தான் நடுவிலுள்ள மஞ்சளிலிருந்து கதிர்கள் நீண்டு நட்சத்திரமாகும். இதையெல்லாம் அன்று நான் அறிந்திருக்கவில்லை. “பெரிசானா வரும்” என்று ஒரு குத்துமதிப்பில் சொன்னேன். அது சரியாகவே அமைந்துவிட்டது.

அடுத்த வீட்டு மாமி மட்டும் முகத்தைச் சுளித்தார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது அவர் கட்சி. எங்கள் வகுப்பில் இரண்டு அமீனாக்கள் இருக்கிறார்கள். பழமொழியில் வருவது கடன்காரர் வீட்டைச் சப்தி செய்ய வரும் நீதிமன்றச் சேவகர் என்று தமிழ் ஆசிரியை முன்பே விளக்கியிராவிட்டால் அவர்கள் இருவரும் இந்தக் கட்டுரையை அச்சேற விட்டிருக்க மாட்டார்கள். பழமொழியின் முதற்பாதி ஆமையைச் சொல்லவில்லை, ஈரச் சுவரில் பூக்கும் ஆம்பியாகிய காளானைத்தான் சொல்கிறது என்பாரும் உண்டு. எப்படியோ, ஆமை வந்த வீட்டுக்குச் சட்டமும் வரும் என்பது எங்கள் விடயத்தில் உண்மையாயிற்று. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதல் மூன்று நாட்களும் நாங்கள் செய்தது இதுதான். ஒரு கண்ணாடி மீன்தொட்டியைக் கழுவித் துடைத்து, அடியில் பழைய பத்திரிகை விரித்து, உள்ளே குஞ்சை விட்டோம். தொட்டியை வரவேற்பறையில் மின்விசிறியின் கீழ் வைத்தோம். கோவா, கரட், பாலில் ஊறிய பாண், கொஞ்சம் சோறு என்று நான்கு குவியல்கள் வைத்தோம். தம்பியின் நண்பர்கள் அணியணியாக வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை கையில் எடுத்தார்கள். குஞ்சு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. எல்லோரும் போனபின் வெளியே வந்து, கண்ணாடியை முட்டி முட்டி ஒரே மூலையில் நடந்தது. எதையும் வாயில் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு பாண் புளித்து மணத்தது. குஞ்சு கண்ணைத் திறக்கவே இல்லை. தம்பி அழத் தொடங்கினான். வாயைப் பிளந்து ஊட்டிவிடுவோமா என்றுகூட நான் யோசித்தேன். நல்லவேளை, செய்யவில்லை. அந்தச் சிறிய தாடை எளிதில் காயப்பட்டுவிடும். புகட்டிய உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் மரணம்தான்.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனதும் செய்முறைக் கொப்பியின் பின்பக்கத்தில் குஞ்சின் படத்தை வரைந்து எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “மூக்கு நுனியில சின்ன முள் மாதிரி ஒண்டு இருக்கா மகள்?” என்று. இருந்தது, படத்திலும் வரைந்திருந்தேன். அதுதான் முட்டைப்பல். முட்டை ஓட்டை உடைப்பதற்கென்றே இருக்கும் அது, பிறந்து சில வாரங்களுக்குள் விழுந்துவிடும். எனவே எங்கள் விருந்தாளி பிறந்து சில நாட்களோ வாரங்களோதான் ஆகியிருக்க வேண்டும். மழை தொடங்கி, மண் இளகி, புல் முளைக்கும் பருவத்தில் குஞ்சுகள் வெளிவருவது இந்த இனத்தின் வழக்கம்.

பிறகு ஆசிரியை இரண்டு விடயங்கள் சொன்னார். ஒன்று எனக்கு ஆறுதல் தந்தது. மற்றது பயத்தைத் தந்தது.

ஆறுதலானது இது. ஆமைக்குஞ்சு முட்டையைவிட்டு வரும்போது மீதமிருக்கும் மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. வயிற்றுப்புற ஓட்டின் நடுவில் தொப்புள் போன்ற ஒரு தழும்பு அதன் அடையாளம். அந்தச் சேமிப்பு அதைச் சில நாட்களுக்குத் தாங்கும். ஆகவே புதிதாகப் பிறந்த ஆமை இரண்டு மூன்று நாள் சாப்பிடவில்லை என்பதற்காகப் பதறத் தேவையில்லை. தண்ணீர் இல்லாமல்தான் அது இருக்க முடியாது. நாங்கள் நான்கு வகை உணவு வைத்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கவில்லை!

பயம் தந்தது இது. நட்சத்திர ஆமை இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. நம் நாட்டுக்குச் சொந்தமான ஒரே தரையாமை அதுதான். குளங்களில் காணும் மற்றவை நீர்வாழ் ஆமைகள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதியின்றி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நம் அயல்நாடாகிய இந்தியாவிலும் அப்படித்தான். இவ்வளவு காவல் ஏன் என்றால், அதன் அழகுதான் அதற்கு எதிரி. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்த ஆமைகளைப் பைகளிலும் பெட்டிகளிலும் அடைத்துத் தென்கிழக்காசிய நாடுகளுக்குக் கடத்திச் செல்லப் பிராணிகளாக விற்கிறார்கள். அதனால் 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகள் அதை முதலாம் பின்னிணைப்புக்கு உயர்த்தின. காட்டில் பிடித்தவற்றை நாடுகளுக்கிடையில் வியாபாரம் செய்வது அத்தோடு முற்றாகத் தடையாயிற்று.

அன்று மாலை இதை வீட்டில் சொன்னபோது சாச்சாவின் முகம் வெளுத்தது. “வழக்கு வருமா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பின்பக்கத் தோட்டத்தில் பேசாமல் விட்டுவிடுவோம், யாருக்கும் தெரியாது என்றார் வாப்பா. எங்கள் தோட்டம் நான்கு மதில்களுக்கு நடுவே பத்துப் பாகம் இருக்கும். காகமும் பூனையும் அதில் தினமும் உலாவும். 4 சென்ரிமீற்றர் குஞ்சின் ஓடு இன்னும் நகம்போல இளசு. காகத்துக்கு அது ஒரு கொத்து வேலை.

எனக்குச் சிறுவயதிலிருந்து தெரிந்த ஒரு நபிமொழி அப்போது நினைவுக்கு வந்தது. ஒரு பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்ததற்காகத் தண்டனைக்குள்ளான பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. அவள் அதற்கு உணவு கொடுக்கவில்லை என்பதைத்தான் நான் எப்போதும் மனதில் வைத்திருந்தேன். அதிலே இன்னொரு பகுதியும் இருக்கிறது: பூமியில் தானாகத் தேடித் தின்னவும் அவள் அதை விடவில்லை. நாங்கள் நான்கு குவியல் உணவு வைத்தவர்கள்தான். ஆனாலும் இரண்டாவது பகுதிக்குள் நாங்களும் வருவோம்போல் இருந்தது. நான் வாப்பாவின் தொலைபேசியை வாங்கி, ஆசிரியை தந்த 1992 என்ற வனஜீவராசிகள் திணைக்கள இலக்கத்துக்கு அழைத்தேன். குரல் நடுங்கியது என்பதை மறைக்கவில்லை. அவர்கள் விபரம் கேட்டு, எங்களுக்கு அருகிலுள்ள அலுவலகத்தோடு தொடர்புபடுத்தினார்கள். அங்கிருந்தவர்கள் யானைப் பிரச்சினையில் அலைந்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை வருகிறோம், அதுவரை உயிரோடு வைத்திருங்கள், வேறெங்கும் விட்டுவிடாதீர்கள் என்றார்கள்.

எனக்குக் கிடைத்தது ஐந்து நாட்கள்.

ஆமை ஏன் சாப்பிடவில்லை என்பதை விளங்கிக்கொள்ள முதலில் வெப்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். நமக்குப் போல் ஆமைக்கு உடலுக்குள் அடுப்பு இல்லை. சூழல் எவ்வளவு சூடோ அதுவும் ஏறக்குறைய அவ்வளவு சூடு. உணவைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்கள் குறித்த வெப்பநிலைக்குக் கீழே மந்தமாகிவிடும் என்பதை உயர்தர மாணவிகள் எல்லோரும் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறோம். வரைபும் கீறுவோம். அந்த வரைபு ஓர் ஆமையின் வயிற்றுக்குள் ஓடுகிறது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. குளிர்ந்த ஆமைக்குப் பசி வராது. வந்து சாப்பிட்டாலும் உணவு செரிக்காமல் குடலில் தங்கிப் புளிக்கும். நட்சத்திர ஆமைக்குஞ்சுக்குப் பகலில் 28 முதல் 32 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. புத்தளம் சூடான ஊர், இங்கென்ன குளிர் என்று நினைத்திருந்தேன். வெப்பமானியை இரவல் வாங்கி வந்து தொட்டியின் அடியில் வைத்துப் பார்த்தேன். வெளியே மழை, மேலே மின்விசிறி, கீழே தரை ஓடு: 25 பாகை.

மின்விசிறியை நிறுத்தினோம். கண்ணாடித் தொட்டியை மாற்றினோம். ஆமைக்குக் கண்ணாடி என்றால் என்னவென்று புரியாது. பாதை தெரிகிறதே என்று முட்டிக்கொண்டே இருக்கும். அது விளையாட்டுக் காட்டுகிறது என்று நாங்கள் சிரித்தோம், உண்மையில் தப்பிக்கப் பார்த்திருக்கிறது. உடுப்பு ஊறவைக்கும் பெரிய நீல பேசின் ஒன்றை உம்மா தந்தார். அதன் சுவரூடாக வெளியே தெரியாது. அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தும்புத்தூள் பரப்பி, லேசாக நனைத்தோம். நனைப்பது ஏன் என்றால், குஞ்சுகள் காட்டில் புல்லடியிலும் இலைச்சருகிலும் ஈரமாகப் பதுங்கி வளர்பவை. காய்ந்த தரையில் வளரும் குஞ்சின் ஓட்டுக் கட்டங்கள் சீராக வளராமல் கூம்பு கூம்பாக எழும்பிவிடும். தும்புத்தூள் உணவோடு வயிற்றுக்குள் போகாதிருக்க ஒரு மூலையில் தட்டையான கல் வைத்தோம். அதுதான் அதன் சாப்பாட்டு மேசை. சொரசொரப்பான கல்லில் கொத்தித் தின்றால் அலகும் நகமும் தேய்ந்து அளவாக இருக்கும்.

ஒளிந்திருக்க ஓரிடம் வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்ததல்ல. உம்மும்மாவினுடையது. அவர் 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தவர். நாங்கள் பேசினைச் சுற்றி இருந்து குஞ்சு சாப்பிடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, வெற்றிலையை மென்றபடி சொன்னார்: “அகதியா வந்த அண்டைக்குப் பள்ளியில சோறு தந்தாங்க. நல்ல சோறுதான் மகள். எறங்கல்ல. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு மூலைக்குள்ள பேய்த்து இருந்து தின்னணும் போல இருந்திச்சு.” பிறகு சமையலறைக்குப் போய்ச் சிரட்டை ஒன்றை எடுத்து, விளிம்பில் கத்தியால் தட்டி வாசல்போல் ஒரு துண்டை உடைத்து, கவிழ்த்து வைத்தார். குஞ்சு ஐந்து நிமிடத்தில் அதற்குள் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு வந்ததன்பின் அது முதன்முதலாகக் காலை நீட்டிப் படுத்தது அந்தச் சிரட்டைக்குள்தான்.

வள்ளுவர் ஆமையை ஐந்தடக்கலுக்கு உவமையாகச் சொன்னதைத் தமிழ்ப்பாடத்தில் படித்திருக்கிறோம். தலையும் நான்கு கால்களும் உள்ளே போவதைப் பார்க்கும்போது அந்த உவமையின் பொருத்தம் விளங்கத்தான் செய்கிறது. ஆனால் நான் அந்த மூன்று நாட்களும் பார்த்தது பயத்தை. தம்பியின் ஒவ்வொரு நண்பனும் கையில் எடுத்தபோது, அதன் கணக்கில் அது ஒரு காகத்தின் காலில் அகப்பட்டது போலத்தான் இருந்திருக்கும். புதிதாக வந்த ஆமையைக் குளிப்பாட்டவும் நிறுக்கவும் தவிர வேறெதற்கும் தொடக்கூடாது என்று திங்கள் இரவு சட்டம் போட்டேன். தம்பி மூன்று முறை மீறினான். நான் ஒரு முறை.

குளிப்பாட்டுவது என்றேன் அல்லவா? புதிய குஞ்சுக்குச் செய்யும் உதவிகளில் இதுவே முதன்மையானது. ஒரு தட்டையான பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரை, குஞ்சின் நாடிக்குக் கீழே நிற்கும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் மூழ்கிவிடும். தரையாமைக்கு நீந்தத் தெரியாது. அதிலே 15 நிமிடம் விட வேண்டும். தினமும் ஒரு முறை. திங்கள் மாலை நீரில் விட்டதும் அது கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு தலையைத் தாழ்த்தி முகத்தை நீருக்குள் விட்டது. மூச்சு முட்டிவிட்டதோ என்று நான் தூக்கப் போனேன். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்டதும் கையை எடுத்தேன். குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு மேல் குடித்தது. அவ்வளவு தாகம். கண் திறந்தது.

உடனேயே வால் பக்கத்திலிருந்து சுண்ணாம்புக் குழம்பு போல் வெள்ளையாக ஏதோ வந்தது. தம்பி கத்திவிட்டான். அது யூரிக் அமிலக் கழிவு. நீர் குறைந்த நிலத்தில் வாழும் ஆமை, நம்மைப்போல் யூரியாவை நீரில் கரைத்து வீணாக்காமல், யூரிக் அமிலமாகக் கெட்டியாக்கி வெளியேற்றுகிறது. அது மென்மையான பசைபோல் இருந்தால் உடலில் நீர் போதும். மணல்போல் கரகரப்பாக இருந்தால் நீர் போதாது. எங்களது முதல் நாள் கரகரப்பாக இருந்தது. புதன்கிழமைக்குள் பசையாயிற்று.

உம்மா கேக் செய்ய வைத்திருக்கும் மின்தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துத் தினமும் நிறுத்தேன். உம்மா இதற்குச் சம்மதிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. எப்போதும் குளிக்குமுன் நிறுக்க வேண்டும். குளித்தபின் நிறுத்தால் குடித்த தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடும். திங்கள் 22 கிராம். செவ்வாய் 23. புதனும் 23. இந்தத் தராசை நினைத்துத்தான் ஒன்று சொல்ல வேண்டும். ஆமைகளின் குடலில் சல்மொனெல்லா பக்டீரியா இருக்கலாம். ஆமைக்கு அது ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும். தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் பாத்திரங்களைச் சமையலறையில் கழுவக் கூடாது. கிண்ணம் பிறகு குப்பைக்குப் போனது, உம்மாவின் கட்டளை.

காலையில் மழை விட்ட நேரங்களில் பேசினை முற்றத்தில் வைத்தேன். சூரியனின் கழியூதாக் கதிர்கள் தோலில் பட்டால்தான் ஆமை விற்றமின் டி3ஐத் தயாரிக்கும். அது இல்லாமல் எவ்வளவு கல்சியம் தின்றாலும் உடல் அதை எடுத்துக்கொள்ளாது, ஓடு மென்மையாகிவிடும். கண்ணாடி யன்னலூடாக வரும் வெயிலில் பயனில்லை, அந்தக் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். பேசினின் ஒரு பாதியில் எப்போதும் நிழல் இருக்கவேண்டும் என்பதை மறக்கவே கூடாது. வெயிலில் ஒரு பிளாஸ்டிக் பேசின் எவ்வளவு விரைவாகக் கொதிக்கும் என்று கை வைத்துப் பாருங்கள். மேலே வாப்பாவின் பழைய கோழிக்கூட்டு வலையைப் போட்டிருந்தோம். புதன்கிழமை நான் திரும்பிப் பார்த்தபோது வலையின்மேல் ஒரு காகம் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பேசின் வெளியே இருக்கும் நேரமெல்லாம் உம்மும்மாவின் கதிரையும் முற்றத்திலே.

இனி உணவு. நட்சத்திர ஆமை இயற்கையில் தின்பது பெரும்பாலும் புல், பற்றைகளின் இலைகள், பூக்கள், விழுந்த பழம், நாகதாளி போன்ற சதைப்பற்றான செடிகள். நார் அதிகம், புரதம் குறைவு, கல்சியம் அதிகம். நாங்கள் வைத்த பாணும் சோறும் பாலும் அதன் குடலுக்கு முற்றிலும் அந்நியமானவை. பசளியைக் கொஞ்சம்தான் கொடுக்கலாம். அதிலுள்ள ஒக்சலேற்று கல்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும். தக்காளி, வாழைப்பழம், பப்பாசி போன்றவற்றை விரும்பித் தின்னும், ஆனால் இனிப்பு அதிகமானால் வயிற்றோட்டம் வரும். பெற்றோல் செட்டுக்குப் பின்னாலுள்ள வெறுங்காணியில் அறுகம்புல்லும் கோவை இலையும் இருந்தன. மருந்து அடிக்காத இடம்தானா என்று கேட்டு விசாரித்துவிட்டுப் பிடுங்கினேன். வீட்டில் செவ்வரத்தை நின்றது. இலைகளை மிகச் சிறிதாக, நகத்தில் பாதியளவாக வெட்டினேன். செவ்வாய் வைத்தேன், தொடவில்லை. புதன் வைத்தேன், அதன்மேல் நடந்து போனது.

ஆமை உணவைக் கண்ணாலும் மூக்காலும் தேடுகிறது. சிவப்பும் மஞ்சளும் அதன் கண்ணை இழுக்கும். வியாழன் காலை, குளிப்பாட்டி, அரை மணி நேரம் வெயில் காட்டி, உடம்பு சூடான பின், சிவப்புச் செவ்வரத்தை இதழ் ஒன்றைக் கிழித்துக் கல்லின்மேல் இலைத் துண்டுகளோடு கலந்து வைத்தேன். நான் பேசினுக்கு எட்டத்தில் போய்க் கதவடியில் குந்திக்கொண்டேன். தம்பியின் வாயை என் கையால் மூடியிருந்தேன். குஞ்சு சிரட்டையிலிருந்து வந்தது. இதழின் பக்கத்தில் நின்றது. கழுத்தை நீட்டி மூக்கால் தொட்டது. தலையைச் சரித்து ஒரு கண்ணால் பார்த்தது. வாயைத் திறந்தது, உள்ளே நாக்கு இளஞ்சிவப்பாக இருந்தது. கடித்தது, ஆனால் இதழுக்குப் பக்கத்தில் காற்றைத்தான் கடித்தது. பாடசாலை பஸ் ஹோர்ன் அடித்தது, நான் எழும்பவில்லை. இரண்டாவது முறை விளிம்பில் பிடித்து, முன்காலால் அமத்தி, இழுத்துக் கிழித்தது. இதழில் பிறை வடிவில் ஒரு கடி. தம்பி என் கையைக் கடித்துவிட்டு “அல்ஹம்துலில்லாஹ்” என்றான்.

அன்று நான் பாடசாலைக்குப் பிந்திப் போனேன்.

பூ ஒரு தூண்டில் மட்டுமே. அதையே கொடுத்துக்கொண்டிருந்தால் புல்லைத் தொடாத செல்லமாகிவிடும். வெள்ளிக்கிழமை இதழைக் குறைத்து இலையைக் கூட்டினேன். இரண்டையும் தின்றது. கல்சியத்துக்கு ஒரு வழி எங்கள் வீட்டு யன்னலிலேயே இருந்தது: கற்பிட்டிக் கடற்கரையில் முன்பு பொறுக்கிய கணவாய் ஓடு. அது ஏறக்குறைய முழுவதும் கல்சியம் காபனேற்றுத்தான். உப்புப் போக நன்றாக ஊறவைத்துக் கழுவி, கொஞ்சம் சுரண்டி இலைகளின்மேல் தூவினேன். மிச்சத் துண்டைக் கல்லின் பக்கத்தில் போட்டுவிட்டேன்.

இவை எல்லாம் செய்தும் ஒரு குஞ்சு சாப்பிடாமல், கண் குழிந்து, மூக்கில் நுரை வந்து, வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டால் அது இடம் பழகாத கோளாறல்ல, நோய். மிருக வைத்தியரிடம்தான் போகவேண்டும். கடையில் விற்கும் சிவப்புக் காதுள்ள சிறிய பச்சை ஆமைகளுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அவை அமெரிக்காவைச் சேர்ந்த நீர்வாழ் ஆமைகள். வளர்த்துச் சலித்ததும் குளத்தில் விடுகிறார்கள், அவை நம் ஆமைகளின் இடத்தைப் பிடிக்கின்றன. அதைப் பற்றி வேறொருவர் எழுதட்டும்.

சனிக்கிழமை முற்பகல் இரண்டு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். அடுத்த வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தன் பழமொழி பலித்துவிட்டது என்ற திருப்தி அவர் முகத்தில். சாச்சா காலையிலிருந்து ஒரு கோப்பை தேநீர்கூடக் குடிக்காமல் இருந்தார். பெரியவர் சாச்சாவிடம் கேட்டதெல்லாம் இடத்தைப் பற்றித்தான். எந்தக் காணி, எந்தப் பக்கம், பக்கத்தில் நீர் இருந்ததா, அந்தப் பற்றை இன்னும் நிற்கிறதா? எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுவதுதான் நல்லது, கண்ட கண்ட காட்டில் விட முடியாது என்றார். சாச்சா தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். கிணறு, பனை, வெட்டிய பற்றை, வெட்டாத பற்றை. தேவையென்றால் தானே வந்து காட்டுவதாகவும் சொன்னார். பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு, இனிமேல் கண்டால் எடுக்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டு விட்டார்கள்.

இளையவர் என்னிடம் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் கொப்பித் தாளில் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன்: நீர் 15 நிமிடம், வெயில் அரை மணி, அறுகு, கோவை, செவ்வரத்தை, கணவாய் ஓடு, நிறை சனிக்கிழமை காலை 24 கிராம். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குஞ்சை ஒரு கடதாசிப் பெட்டிக்குள் வைத்தபோது அது தலையை இழுத்துக்கொண்டது. தம்பி ஓடிப்போய்ச் சிரட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். அவர் சிரிக்காமல் வாங்கி, பெட்டிக்குள் கவிழ்த்து வைத்தார்.

நீல பேசினில் இப்போது உடுப்பு ஊறுகிறது. கணவாய் ஓட்டுத் துண்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் ஓரத்தில் மிகச் சிறிய பிறைகளாக நான்கு கடிகள் இருக்கின்றன.